வேலையில்லா மாதங்களுக்குப் பின் தற்காலிக வேலை: ஏற்பதா, காத்திருப்பதா?

ஆறு மாதமோ எட்டு மாதமோ வேலையின்றி இருந்தவருக்கு முதலில் வந்து சேரும் அழைப்பு பெரும்பாலும் நிரந்தர வேலைக்கானதாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார், ஒரு திட்டம் ஆள் போதாமல் இழுபடுகிறது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் பருவத்தில் கூடுதல் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மூன்று மாதத்துக்கோ ஓராண்டுக்கோ அந்த இடத்தை நிரப்ப ஆள் தேடுகிறார்கள். அழைப்பைப் பெற்றவர் இரண்டு அச்சங்களுக்கு நடுவே நிற்கிறார். ஏற்றுக்கொண்டால் நல்ல வேலை தேடும் நேரம் போய்விடுமோ, ‘தற்காலிகம்’ என்ற முத்திரை ஒட்டிக்கொள்ளுமோ என்பது ஒன்று. மறுத்தால் இதுவும் கைநழுவி, இடைவெளி இன்னும் நீண்டு, பிறகு எவருமே அழைக்காமல் போய்விடுவார்களோ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை உண்டு; ஆனால் எல்லாருக்கும், எல்லா மாதங்களிலும், ஒரே அளவில் இல்லை.

தற்காலிக வேலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் குறைந்தது மூன்று ஏற்பாடுகள் அடங்கியுள்ளன. தன் துறையிலேயே ஒரு நிறுவனம் நேரடியாகக் கையெழுத்திட்டுக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் ஒப்பந்த வேலை ஒன்று. ஆள் வழங்கும் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு வேறொரு நிறுவனத்தில் போய் உழைப்பது இரண்டாவது. படிப்புக்கும் அனுபவத்துக்கும் தொடர்பில்லாத, செலவுக்காவது ஆகட்டும் என்று பிடிக்கும் வேலை மூன்றாவது. எதையும் ஏற்காமல் முழுநேரமும் தேடிக்கொண்டே இருப்பதையும் சேர்த்தால் நான்கு வழிகள். இவற்றைச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது போதாது என்பது என் கருத்து. ஒப்பந்தம் முடியும் நாளில் நான் இன்று நிற்கும் இடத்தைவிட ஒரு படியாவது மேலே நிற்பேனா என்று கேட்டுப் பார்த்தால், நான்கும் வேறு வரிசையில் அமைவதைக் காணலாம்.

காத்திருப்பதிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதற்கும் வலுவான நியாயம் உண்டு. வேலை தேடுவோர் முதலில் வந்த வாய்ப்பை மறுப்பது சோம்பலோ கர்வமோ ஆகாது, ‘இதற்குக் கீழே போகமாட்டேன்’ என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு தேடுவது அறிவார்ந்த நடத்தைதான் என்பது தேடல் பற்றிய பொருளாதாரக் கோட்பாட்டின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அத்துறையை வளர்த்த பீட்டர் டயமண்ட், டேல் மார்டென்சன், கிறிஸ்டோபர் பிசாரிடெஸ் ஆகிய மூவருக்கும் 2010-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பொருந்தாத இடத்தில் அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டால், பொருந்தும் இடம் திறக்கும்போது அங்கே போக முடியாத நிலை ஏற்படலாம். கையில் சேமிப்பும், துறையில் தேவையும் இருக்கிற ஒருவருக்கு முதல் மூன்று நான்கு மாதங்களில் இந்த வாதம் முழுக்கப் பொருந்தும்.

ஆனால் அந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நேரம் இருந்தால் அதைத் தேடலுக்குச் செலவிடுவோம் என்பது. நடப்பில் அப்படி ஆவதில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 2009-ல் தொடங்கி, வேலையிழந்த ஆயிரக்கணக்கானோரை வாரந்தோறும் கேட்டுப் பதிவுசெய்த ஆலன் க்ரூகரும் ஆண்ட்ரியாஸ் முல்லரும், வேலையில்லாக் காலம் நீள நீள ஒவ்வொருவரும் தேடலுக்குச் செலவிடும் நேரம் சுருங்கிக்கொண்டே போனதைக் கண்டார்கள். அதற்கும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து கிடந்தபோது, மரீ யகோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். படிக்க நேரம் ஏராளமாக இருந்தும், கட்டணம் இல்லாமலே புத்தகம் தரப்பட்டும், நூலகத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை குறைந்தது. தெருவில் ஆண்களின் நடைகூட மெதுவாகி, அவர்கள் அடிக்கடி நின்று நின்று போனார்கள். ஓய்ந்த நேரம் பயனுள்ள நேரமாகத் தானே மாறிவிடுவதில்லை. எனவே காத்திருக்கப் போகிறேன் என்பவர் சென்ற வாரத்தை எடுத்துக்கொண்டு, தேடலுக்கென உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம்தான் என்றால், வேலைக்குப் போய்க்கொண்டே அந்த நேரத்தை ஒதுக்க முடியும். ‘தேட நேரம் போய்விடும்’ என்ற முதல் அச்சம் அத்துடன் அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது அச்சமான இடைவெளியைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நகரங்களில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த, 2013-ல் வெளிவந்த ஒரு சோதனையில், வேலையில்லாக் காலம் எட்டு மாதத்தை எட்டும் வரை நேர்காணல் அழைப்புகள் வேகமாகக் குறைந்து, அதன்பின் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. வேலைவாய்ப்பு நிறைந்த ஊர்களில் இந்தச் சரிவு கடுமையாகவும், எங்கும் வேலையில்லாத ஊர்களில் லேசாகவும் இருந்தது. ஊரெங்கும் ஆள் கேட்கும்போது ஒருவர் மட்டும் சும்மா இருந்தால் அவரிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கிறார்கள். எல்லாரும் சும்மா இருக்கும்போது அப்படி நினைப்பதில்லை. மாறாக, அலுவலக உதவிப் பணிகளுக்குப் பட்டதாரிப் பெண்களின் பெயரில் விண்ணப்பங்கள் அனுப்பி ஹென்றி ஃபார்பர் குழுவினர் நடத்திய சோதனையில், இடைவெளியின் நீளம் அழைப்புகளைப் பாதிக்கவே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் தரம் தாழ்ந்த வேலை ஒன்றைப் பிடித்திருந்தவர்களுக்கு அழைப்புகள் குறைந்தன. மேலோட்டமாகப் பார்த்தால், பேசாமல் காத்திருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றும்.

ஸ்வீடனில் எரிக்சனும் ரூத்தும் செய்து 2014-ல் வெளியிட்ட சோதனையைப் பக்கத்தில் வைத்தால்தான் படம் தெளிவாகிறது. விண்ணப்பிக்கும் நேரத்தில் ஒன்பது மாதத்துக்கு மேலாக வேலையில்லாமல் இருப்பவரை, உயர்படிப்பு தேவைப்படாத பணிகளில், முதலாளிகள் ஒதுக்கினார்கள். ஆனால் கடந்த காலத்தில் நீண்ட இடைவெளி இருந்து, அதன்பின் வேலை செய்த அனுபவமும் இருந்தால், அந்தப் பழைய இடைவெளியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. முடிந்துபோன இடைவெளியும் இன்னும் தொடரும் இடைவெளியும் படிப்பவர் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரிகின்றன. டேவிட் பெடுல்லா 2016-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வோ, தகுதிக்குக் கீழான வேலையில் இருந்தவர்கள் ஓராண்டு வேலையில்லாமல் இருந்தவர்களைப் போலவே பின்தங்கியதையும், ஏஜென்சி வழித் தற்காலிக வேலை செய்தவர்களுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லாததையும் காட்டியது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் பொருள் இது: மக்கள் ‘தற்காலிகம்’ என்ற முத்திரைக்கு அஞ்சுகிறார்கள், அஞ்ச வேண்டியதோ ‘பொருத்தமின்மை’ என்ற முத்திரைக்கு. வேலை எத்தனை மாதம் நீடித்தது என்பதைவிட, அது உங்கள் துறையைச் சார்ந்ததா, உங்கள் நிலைக்கு ஒத்ததா என்பதையே அடுத்த முதலாளி பார்க்கிறார்.

இந்த அளவுகோலில் தன் துறையில் கிடைக்கும் நேரடி ஒப்பந்த வேலை மற்ற மூன்றையும் எளிதில் மிஞ்சிவிடுகிறது. கணக்குப் பிரிவில் ஒருவரின் விடுப்புக்கு மாற்றாக ஆறு மாதம் போகிறவரை எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்கள் மென்பொருளின் புதிய பதிப்பைப் பழகுவதிலும் யார் எதற்குக் கையெழுத்திட வேண்டும் என்று தெரிந்துகொள்வதிலும் கழியும்; முதல் மாதக் கணக்கு முடிப்பில் தடுமாறுவார்; மூன்றாவது மாதக் கணக்கை யாரும் கேட்காமலே முடித்துக் கொடுப்பார். ஒப்பந்தம் முடியும்போது அவர் கையில் அண்மைக்கால அனுபவச் சான்றிதழ் ஒன்றும், தொலைபேசியில் கேட்டால் இரண்டு நல்ல வார்த்தை சொல்லக்கூடிய மேலாளர் ஒருவரும் இருப்பார்கள். ஓராண்டுக்கு முன் பிரிந்த பழைய மேலாளரைவிட இன்றைக்குக் கூட வேலை செய்கிறவரின் சொல்லுக்கு எடை அதிகம். விளம்பரமாக வெளிவராத காலியிடங்கள் உள்ளே இருப்பவர் காதில்தான் முதலில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடக் கூடாது. அந்த வேலை ஏன் தற்காலிகமாக இருக்கிறது என்ற காரணத்தைக் கேட்க வேண்டும். விடுப்பில் போனவர் திரும்பி வருவார், ஆகவே முடிவுத் தேதி உண்மையானது. திட்டப் பணி என்றால் திட்டத்துக்கு நிதி எதுவரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘முதலில் ஆறு மாதம் பார்ப்போம், பிறகு நிரந்தரமாக்குவோம்’ என்று சொல்லப்பட்டால், இதே இருக்கையில் இதற்கு முன் ஒப்பந்தத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். அவர் நிரந்தரமாகி உள்ளேயே இருக்கிறார் என்பது ஒரு பதில். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டுத்தான் போனார் என்பது இன்னொரு பதில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999-ஆம் ஆண்டின் ஒரு நெறியாணை, குறிப்பிட்ட காலப் பணியாளர்களை நிரந்தரப் பணியாளர்களைவிடத் தாழ்வாக நடத்துவதைத் தடுப்பதோடு, நிறுவனத்தில் உருவாகும் நிரந்தரக் காலியிடங்களை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒப்பந்தங்களைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போவதற்கு வரம்பு வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தகைய பாதுகாப்பு எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி இல்லை என்பதால், தன் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கையெழுத்துக்கு முன் பார்த்துக்கொள்வது அரை மணி நேர வேலைதான்.

ஏஜென்சி வழி வேலையைப் பற்றி ஒரே தீர்ப்பு சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அரசு உதவி பெற்றுவந்த, பெரும்பாலும் குறைந்த படிப்புடையவர்களை ஆராய்ந்த டேவிட் ஆட்டரும் சூசன் ஹவுஸ்மனும், நேரடி வேலையில் அமர்த்தப்பட்டவர்களின் பிற்கால வருமானம் உயர்ந்ததையும், ஏஜென்சி வழித் தற்காலிக வேலையில் அமர்த்தப்பட்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டாததையும் 2010-ல் எழுதினார்கள். இத்தாலியின் டஸ்கனி பகுதியிலோ, ஏஜென்சி வழி வேலை செய்தவர்கள் பின்னர் நிரந்தர வேலை பெறும் வாய்ப்பு கணிசமாகக் கூடியதென்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நாடு வேறு, ஆட்களின் பின்புலம் வேறு என்பதோடு, ஏஜென்சி உங்களை எங்கே, எந்தப் பணிக்கு, எவ்வளவு காலம் அனுப்புகிறது என்பதிலும் பலன் தங்கியிருக்கிறது. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் தொடர்ந்து தன் துறை வேலையைச் செய்பவர் கிட்டத்தட்ட நேரடி ஒப்பந்தக்காரருக்குச் சமம். வாரத்துக்கொரு இடம் மாறுபவருக்கு யாருமே முகம் பார்த்துப் பழகுவதில்லை, ஆகவே பரிந்துரைக்க ஆளும் இருப்பதில்லை.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டிய பத்தி ஒன்று உண்டு. வேலை செய்யும் நிறுவனம் உங்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் ஏஜென்சிக்குக் கட்டணம் தர வேண்டும் என்றோ, இத்தனை மாதம் வரை சேர்த்துக்கொள்ளவே கூடாது என்றோ அதில் எழுதியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறியாணை, நேரடிச் சேர்க்கையைத் தடுக்கும் விதிகள் செல்லாதவை ஆக வழிசெய்தாலும், ஏஜென்சி தன் சேவைக்கு நியாயமான ஈட்டுத்தொகையை அந்த நிறுவனத்திடம் பெறுவதை அனுமதிக்கிறது. கட்டணம் பெரிதாக இருந்தால், உங்களைப் பிடித்துப்போன மேலாளரும் தயங்குவார். அது உங்கள் திறமையின் குறையன்று. சம்பளச் சீட்டிலும் சான்றிதழிலும் யாருடைய பெயர் வரும் என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சுயவிவரத்தில் நீங்கள் உண்மையில் உழைத்த நிறுவனத்தையும் எந்த ஏஜென்சி வழியாக என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மையானது, பயனுள்ளதும்கூட.

துறைக்குத் தொடர்பில்லாத வேலையைப் பொறுத்தவரை நான் சுருக்கமாகவே சொல்வேன். வீட்டுச் செலவுக்கு வழியில்லை என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இதுவும் ஒருவகை முன்னேற்றம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாமல், பணத்துக்கான ஏற்பாடு என்றே அதை நடத்த வேண்டும். அப்படி நடத்தினால் தேர்வும் எளிதாகிறது: இரண்டு வேலைகளில் சற்றுக் கூடுதல் சம்பளம் தருவதைவிட, நேர்காணல் நடக்கும் பகல் நேரத்தைக் காலியாக விடும் மாலை ஷிப்டோ வார இறுதி வேலையோ மேலானது. அந்த வேலைக்காகச் சொந்தத் துறையின் தொடர்புகளை விட்டுவிட்டு, அங்கும் மனம் ஒட்டாமல், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஓராண்டைக் கடத்துவதுதான் இந்த வழியின் உண்மையான ஆபத்து.

பணத்தைப் பற்றிப் பேசுகையில் எல்லாரும் போடும் கணக்கில் ஒரு சறுக்கல் இருக்கிறது. குடும்பத்தின் மாதச் செலவை 100 பங்கு என்று கொள்வோம். சேமிப்பு 300 பங்கு இருக்கிறது, அதாவது மூன்று மாதம் தாங்கும். தற்காலிக வேலையில் கைக்கு வரும் சம்பளம் 60 பங்கு. போக்குவரத்து, உடை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று வேலைக்குப் போவதனாலேயே ஏற்படும் செலவு 10 பங்கு. மாதத் துண்டு 50 பங்குதான், ஆகவே சேமிப்பு ஆறு மாதம் தாங்கும் என்று தோன்றும். ஆனால் சம்பளம் மாதம் முடிந்த பின்தான் வரும். முதல் மாதத்தில் 110 பங்கும் சேமிப்பிலிருந்தே போகும். மீதம் 190 பங்கு, மாதம் 50 வீதம், நான்கு மாதத்துக்குக்கூட வராது. ஆறு மாதம் என்று நினைத்தது ஐந்து மாதத்துக்குள் தட்டிப்போகிறது. கடைசிச் சம்பளம் ஒப்பந்தம் முடிந்தபின் வந்து அந்தக் குறையை நிரப்பும் என்பது உண்மைதான், ஆனால் நடுவில் வரும் வாடகைத் தேதி அதுவரை பொறுத்திருக்காது. சம்பளம் முதல் மாதமே வருமா, அல்லது கணக்கு முடிக்கும் தேதியைத் தவறவிட்டதால் இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிப்போகுமா என்று சேரும் முன்பே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலையின்மை உதவித்தொகை பெறுகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தற்காலிக வேலை முடிந்ததும் மீதமிருக்கும் உதவித்தொகை விட்ட இடத்திலிருந்து தொடருமா, அல்லது புதிய, ஒருவேளை குறைந்த சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டு மறுபடி கணக்கிடப்படுமா என்பது ஒன்று. இடையில் நாமே வேலையை விட்டால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. தானாக விலகியவருக்கு உதவித்தொகையை நிறுத்திவைக்கும் விதி பல நாடுகளில் உண்டு. தகுந்த வேலையைக் காரணமின்றி மறுத்தால் உதவித்தொகை பாதிக்கப்படும் விதியும் பரவலாக இருப்பதால், காத்திருக்கும் வழியும் செலவில்லாத வழியன்று.

ஏற்பது என்று முடிவான பிறகு, சேர்ந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில உள்ளன. நீண்ட இடைவெளிக்குப் பின் எட்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்வதே உடம்புக்கு அசதியாக இருக்கும். முதல் இரண்டு வாரம் வேறு விண்ணப்பங்கள் அனுப்பாமல் விட்டுவிடுவதில் தவறில்லை. அதற்குப் பின் முன்போல் கைக்கு வந்ததற்கெல்லாம் விண்ணப்பிக்காமல், பொருந்தும் இடங்களாகப் பொறுக்கி வாரத்துக்கு இரண்டோ மூன்றோ அனுப்புவது போதும். ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நீட்டிப்பு உண்டா என்று மேலாளரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். ‘இருக்கும், இருக்கும், கவலைப்படாதீர்கள்’ என்ற வாய்மொழியை நம்பித் தேடலை நிறுத்திவிட்டு, கடைசி வாரத்தில் வெறுங்கையோடு நிற்பவர்கள் இந்தப் பாதையில் நிறையப் பேர். எழுத்தில் வராத நீட்டிப்பை இல்லாத நீட்டிப்பாகவே கருதுங்கள்.

இடையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது பலரையும் உறுத்தும் கேள்வி. ஒப்பந்தத்திலுள்ள நோட்டீஸ் காலத்தை மதித்து, செய்துகொண்டிருக்கும் பணிகளின் நிலையை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகுவதில் நன்றிகெட்டதனம் எதுவுமில்லை. வேலை தற்காலிகமானது என்ற விதியை வகுத்ததே நிறுவனம்தான். சில நாடுகளில் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பதற்குச் சட்டத்திலேயே கட்டுப்பாடு இருப்பதால், அந்தப் பத்தியை மட்டும் சேரும்போதே படித்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய நிறுவனத்திடம் ‘இன்ன மாதம் முடியும் ஒப்பந்தத்தில் இருக்கிறேன், இத்தனை நாள் நோட்டீஸ்’ என்று சொல்லக்கூடியவரின் பேச்சில், எப்போது வேண்டுமானாலும் சேரத் தயார் என்பவரிடம் இல்லாத ஒரு பிடி இருக்கும்; சம்பளம் பேசும்போது அது உதவும்.

ஆக, சேமிப்பு தாங்கும், வேலையிழந்து நான்கு மாதம் ஆகவில்லை, அழைப்பும் துறைக்கு வெளியே இருந்து வருகிறது என்றால் நான் காத்திருக்கவே சொல்வேன். அழைப்பு துறைக்கு உள்ளிருந்து நேரடியாக வந்தால், இரண்டாம் மாதமாக இருந்தாலும் ஏற்கச் சொல்வேன். ஆறு மாதம் தாண்டிவிட்டது என்றால் ஏஜென்சி வழி வந்தாலும், துறைக்கு உட்பட்டதாக இருக்கும் வரை, ஏற்பதே நல்லது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த எல்லையை இன்னும் முன்னே நகர்த்தலாம், ஏனெனில் ஃபார்பர் குழுவினரின் சோதனையில் இடைவெளியைப் பொருட்படுத்தாத முதலாளிகள்கூட வயதைப் பொருட்படுத்தினார்கள். உள்ளே நுழைந்து வேலையைச் செய்துகாட்டும் வாய்ப்பு அவர்களுக்கு விண்ணப்பத்தைவிட அதிகம் பேசும். துறைக்கு உள்ளே வந்தாலும் மறுத்துவிடச் சொல்லும் ஒரே நிலை, முடிவுத் தேதி, சம்பள நாள், நோட்டீஸ் காலம் ஆகிய மூன்றில் ஒன்றையாவது ‘சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதித் தர மறுக்கும் நிறுவனம்.